ஒரே மரத்து இரு கோல்கள்

கூம்கோ ஆற்றின்மீது படுத்துக் கிடந்த வெண்பனி மெல்ல விலகி, இலையுதிர்ந்த கிளைகளில் எஞ்சிய செம்பழங்களைக் காட்டி, தேகு நகரத்துக் கருநிற ஓட்டுக் கூரைகளை ஒவ்வொன்றாய் வெளிக்கொணர்ந்த முற்பகல் வேளையில், நாட்டைப் பிடித்தாண்ட ஜப்பானியர் புதிதாய் எழுப்பிய செங்கல் வழக்குமன்றத்தினுள், வெள்ளாடை அணிந்த, நாம் என்னும் பெயர்கொண்ட குலத்தார் குளிரில் ஒடுங்கிய கொக்குக் கூட்டம்போல் ஓசையின்றி அமர்ந்திருந்தனர். அவர்களுள் முதுகு வளையாது அமர்ந்திருந்தவர் குலத்தலைவர் நாம் ஹக்கியு. இளவேனிலில் மனைவியைப் பறிகொடுத்த அவர், துயர்க்காலத்துக்குரிய கோலைக் கையில் பற்றியிருந்தார். தாயை இழந்த ஒரே மகன் சாங்ஹோ அவருக்குப் பின்வரிசையில் இருந்தான்.

கூண்டில் நின்றவன், ஹக்கியுவின் மறைந்த தமையனின் மகன் இக்ஹோ. குலத்தின் இடுகாட்டுக் குன்றைத் தன் நிலமென அளவைக்காரரிடம் பதிந்துகொண்ட தரகன் சோ பொங்சாம், படகுத்துறையில் கல்லால் மண்டை பிளந்து கிடந்தான். தந்தைக்காகத் துயர் காத்துவந்த இக்ஹோ அவனோடு மல்லுக்கு நின்றதை ஊரறியும். சிறையில் பெரியவர் ஹக்கியு எத்தனை முறை வினவியும் அவன் வாய் திறக்கவில்லை. கவிழ்ந்த அத்தலையைக் குற்றத்தின் சுமையென்றே அவர் எண்ணி, அவனை உள்ளத்தால் என்றோ கைவிட்டிருந்தார்.

படகுத்துறையில் அரிசிக் கள் விற்கும் பெண் சான்றுரைக்க வந்தாள்.

“துக்கக்காரர் ஒருத்தர் ஓடுனாருங்க. பெரிய மூங்கில் தொப்பி, முகத்துக்கு முன்னால சணல் திரை.”

“முகம் பார்த்தாயா?” என்றார் அரசுத்தரப்பு வழக்குரைஞர், மொழிபெயர்ப்பாளன் வாயிலாக.

“நல்லா கேட்டீங்க போங்க! துக்கக்காரர் மூஞ்சியக் குனிஞ்சு பாத்தா எங்க ஊர்ல செருப்படிதான் கிடைக்கும்.”

அவையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. வழக்குரைஞர், காவலர் அதுகாறும் பூட்டி வைத்திருந்த கோலொன்றை எடுத்து மேசைமேல் வைத்து, பிணத்தருகே கிடந்தது இதுவென்றும், துயர் காப்பவன் கைக்கோல் இதுவென்றும், ஆகவே கொன்றவன் இக்ஹோவே என்றும் முழங்கினார்.

வெளிறிய மரம், அடி சதுரமாய்ச் செதுக்கப்பட்டது. குலத்தார் எல்லார் கண்ணும் பெரியவர் கையை நோக்கிச் சென்று, சுட்டாற்போல் மீண்டன. தந்தை மறைந்தால் துயர்க்கோல் மூங்கில், தாயோ மனைவியோ மறைந்தால் ஓதோங் மரம். அந்த ஆண்டில் ஊரில் மாண்ட தாய் ஒருத்தியே. முற்றத்து ஓதோங் மரத்தின் ஒரே கிளையில் தாமே செதுக்கிய இரண்டனுள் ஒன்று அவர் கையிலிருந்தது. மற்றது எங்கே என்று கேட்டபோது, “வெள்ளத்துல போயிடுச்சுப்பா” என்று சாங்ஹோ சொன்னதும், சொன்னபோது கண்ணைத் தாழ்த்திக்கொண்டதும், தாம் மேலும் கேளாது விட்டதும், நச்சுமுள்போல் நெஞ்சில் தைத்தன. இக்ஹோவை நோக்கினார். கவிழ்ந்த தலை சற்றே நிமிர்ந்து, வேண்டாம் என்று அசைந்தது.

பெரியவர் எழுந்தார்.

“உக்காருங்க பெரியவரே, தடின்னா எல்லாம் தடிதான்,” என்று சீறினான் மொழிபெயர்ப்பாளன்.

“உங்கப்பன் செத்தப்ப நீ எதைப் பிடிச்சே தம்பி?”

அவன் முகம் கறுத்தது. “மூங்கிலுங்க,” என்றான் தாழ்ந்த குரலில்.

“அதை நடுவருக்குச் சொல்லு. அப்பனுக்குத் துக்கம் காக்கறவன் கையில இந்த மரம் எப்படி வரும்னு கேளு.”

அவ்வுரை மொழிபெயர்ந்து முடிந்ததும், நடுவர் முன்சாய்ந்து, “அப்படியாயின் இது யாருடையது?” என்றார்.

ஹக்கியு நடந்து சென்று, தம் கோலை மற்றதன் அருகே வைத்தார். நிறமும் நீளமும் மரவரியும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்திருந்தன.

“என் வீட்டுக்காரி பெத்த ஒரே பிள்ளையோடது,” என்றார், பின்னால் திரும்பிப் பாராமலே.

“அப்பா!” என்ற குரல் எழுந்தது, காவலரின் காலணி ஓசை அதை மூடியது.

சில நாள் கழித்து விடுதலையுற்ற இக்ஹோ, சிறைவாயிலில் காத்திருந்த பெரியவரின் பின்னே ஓரடி தள்ளி நடந்தவாறே, “ஏன் சித்தப்பா சொன்னீங்க? சாங்ஹோவுக்காக நான் தாங்கிட்டிருந்தேனே,” என்றான். குலத்தின் மானத்தைக் காக்கச் சென்றவர், மகனை விலையாய்க் கொடுத்து, காத்தே திரும்பினார். மாசற்றவனைப் பழித்த நெஞ்சோடு, மகனில்லா வீட்டை நோக்கி, சான்றாய் மன்றத்தில் தங்கிவிட்ட கோலில்லாமல், வளையாத அம்முதுகு முதன்முறையாக வளைய, மெல்ல நடந்தார்.