மூன்றாவது ஆக்ஸல்

காலைப் பயிற்சி முடிந்து பனிச்சறுக்குத் தளத்தை விட்டு வெளியே வந்தபோது நூர்கிஸா கேட்டான்.

“அகா, முதல் ஆக்ஸல் பட்டாம்பூச்சி ஆயிடுச்சுன்னா கடைசியில என்ன போடறது?”

“ஆகாது,” என்றேன்.

அவன் தலையாட்டினான். காலணிக் கத்திகளைத் துணியால் துடைத்தான். மஞ்சள் உறைகளை மாட்டிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போனான்.

அவ்வளவுதான் பேச்சு.

பட்டாம்பூச்சி என்பது எங்கள் தளத்துச் சொல். ஆக்ஸல் மாதிரி ஒரு தாவலில், காற்றில் உடலை இறுக்கிச் சுற்ற வேண்டியவன் பாதியில் கையை விரித்துவிட்டால் மூன்று சுற்று இரண்டாகச் சுருங்கும். சில நேரம் ஒன்றாகக்கூட. விழமாட்டான். அழகாகவே இறங்குவான். மதிப்பெண் மட்டும் போய்விடும். போட்டி நாளில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. அல்மாத்தியில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். அவன் கேட்டதுதான் தவறு என்று அந்த நேரத்தில் எனக்குப் பட்டது.

தோக்ஜான் பதில் சொல்லியிருப்பாள். அவளுக்கு அந்த வழக்கம் பிடிக்காது. போட்டி நாள் காலையில் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்பாள். “விழுந்தா? அடுத்து என்ன? அதுவும் போச்சுன்னா?” பதில் வரும்வரை விடமாட்டாள். “நீங்க வாயை மூடிக்கிட்டா ஐஸ் வழுக்காம இருக்குமா?” என்பாள். நூர்கிஸாவுக்குப் பத்து வயதிலிருந்து கற்றுக்கொடுத்தவள் அவள்தான். என் மனைவி. மார்ச் மாதம் இறந்துபோனாள். வயது முப்பது. மருத்துவமனையில் என்னையும் அப்படித்தான் கேட்டாள். “இந்த மருந்தும் கேக்கலைன்னா?” கேட்கும் என்றேன்.

பிள்ளைகளுக்கு நான் அகா, அண்ணன்; பயிற்சியாளன் இல்லை. கல்லூரியில் இயந்திரவியல் படித்தவன். தளத்தில் கத்திகளுக்குச் சாணை பிடிக்கிறேன். தூண்டிலும் பிடிப்பேன். புதுத் தாவல் பழகும்போது பிள்ளையின் இடுப்பில் வார் கட்டி, அதன் கயிற்றை ஒரு நீளக் கழியின் நுனியில் மாட்டி, பக்கத்திலேயே சறுக்கிக்கொண்டு போக வேண்டும். குதிக்கும் நொடியில் கழியைத் தூக்கினால் காற்றில் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்தக் கழிக்குப் பெயர்தான் தூண்டில். நூர்கிஸாவின் மூன்று சுற்று ஆக்ஸலை இரண்டு வருடம் தூண்டிலில் தூக்கியிருக்கிறேன். எப்போது எடை கூடினான், எந்தத் தோள் முதலில் திரும்புகிறது என்பதெல்லாம் என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

தோக்ஜான் போனபின் சங்கம் வேறு ஆளைத் தேடியது. கிடைக்கவில்லை. “அகாவே போதும்,” என்று நூர்கிஸா சொல்லிவிட்டான். பருவம் முடியும்வரை நானே நிற்பதென்று ஆயிற்று.

அது அவனுடைய கடைசி ஜூனியர் வருடம். வயது பதினெட்டு. உலக ஜூனியர் போட்டிக்கு எங்களுக்கு ஓர் இடம்தான். உள்ளூரில் நடக்கும் இந்தச் சர்வதேசப் போட்டியில் மொத்தம் நூற்றுத் தொண்ணூறு எடுத்தால் அது நூர்கிஸாவுக்கு. எடுக்காவிட்டால் பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு. பெயர் பட்டியலில் இல்லாதவனுக்குத் தளத்தில் நேரமும் கிடையாது. முதல் நாள் குறு ஆட்டத்தில் அறுபத்தாறு புள்ளி நான்கு வாங்கியிருந்தான். இன்று நூற்று இருபத்துமூன்றரைக்குச் சற்று மேல் வேண்டும். முடியக்கூடியதுதான்.

நான் செய்த மாற்றம் ஒன்றுண்டு. தோக்ஜானின் திட்ட நோட்டில் ஏழாவது, கடைசித் தாவல் மூன்று சுற்று சால்கோவ். கடைசி இரண்டு வாரமும் அவன் அதில் விழுந்துகொண்டே இருந்தான். கால் ஓய்ந்துபோகிறது. அதை எடுத்துவிட்டு இரண்டு சுற்று ஆக்ஸல் போட்டேன். அதை அவன் தூக்கத்தில்கூடச் செய்வான். பத்திரம் என்று நினைத்தேன்.

எங்கள் விளையாட்டில் ஒரு விதி. இரண்டு சுற்றுத் தாவல் எதையும் ஓர் ஆட்டத்தில் இரண்டு முறைதான் செய்யலாம். மூன்றாவதற்குப் பூஜ்யம். எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் பூஜ்யம். திட்டப்படி நூர்கிஸாவுக்கு இரண்டு சுற்று ஆக்ஸல் இரண்டுதான்: நான்காவதாக வரும் ஃப்ளிப் தாவலின் வாலாக ஒன்று, கடைசியில் ஒன்று. முதல் தாவல் மூன்று சுற்று ஆக்ஸல். அது இரண்டாகச் சுருங்கினால் கணக்கு மூன்றாகிவிடும். அப்போது கடைசியில் பழையபடி சால்கோவ் போட வேண்டும். காலையில் அவன் கேட்டதற்குப் பதில் இதுதான். ஒரு வாக்கியம்.

உடைமாற்றும் அறையில் தாஷ்கெண்டிலிருந்து வந்த ஜசூர் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தான். பதினாறு வயது. வாய் மட்டும் அறுபது.

“வா தாத்தா. பல்லையெல்லாம் கழட்டி டம்ளர்ல போட்டுட்டியா?”

“உனக்கு இன்னும் மொளைக்கவே இல்லையே, அதைப் பாரு,” என்றான் நூர்கிஸா.

“அகா, இவனுக்குப் பென்ஷன் எப்போ?”

“நாளைக்கு,” என்றேன். இருவரும் சிரித்தார்கள்.

“உங்க அம்மா வந்திருக்காங்களா?” என்று ஜசூர் கேட்டான்.

“டிராலிபஸ்ஸ டிப்போவுல விட்டுட்டு நேரா வராங்க. பவுர்சாக் பொரிச்சு எடுத்துட்டு வராங்களாம்.”

“நீ நூத்தித் தொண்ணூறு எடுத்தா எனக்கு ரெண்டு.”

“எடுக்கலைன்னா?”

“பையோட எனக்கு. துக்கத்துல நீ எப்படிச் சாப்பிடுவே?”

நூர்கிஸா ஒரு சாக்ஸைச் சுருட்டி அவன் மேல் எறிந்தான். அப்போதுகூட நான் சொல்லியிருக்கலாம். அவனும் என்னைப் பார்த்தான். சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

கூப்பிட்டார்கள். வேலிக் கதவருகே கத்தி உறைகளைக் கழற்றி என்னிடம் தந்தான். தண்ணீர் ஒரு வாய் குடித்தான். என் உள்ளங்கையில் தட்டிவிட்டுப் போனான். நடுவில் போய் நின்றான். கோபிஸ் என்னும் எங்கள் நரம்பு வாத்தியத்தின் இழுவை ஆரம்பித்தது. அந்த இசையைத் தேர்ந்தெடுத்தவள் தோக்ஜான்.

ஆக்ஸல் ஒன்றுதான் முன்பக்கம் பார்த்துக்கொண்டே குதிக்கும் தாவல். எங்கே போகப்போகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். பயமும் அதனால்தான். நூர்கிஸா நீளமாக ஓடி வந்தான். முழங்கால் மடங்கியது. என் மணிக்கட்டு தானாகத் தூக்கியது. கையில் தூண்டில் இல்லை, இரண்டு மஞ்சள் உறைகள்தான். காற்றில் அவன் கை விரிந்ததைப் பார்த்தேன்.

இரண்டு சுற்று. சுத்தமாக இறங்கினான். கூட்டம் கைதட்டியது. அவர்களுக்கு என்ன தெரியும்?

போகட்டும் என்று நினைத்தேன். மீதி எல்லாம் வந்தால் நூற்றுத் தொண்ணூறு அப்போதும் எட்டும். அடுத்த தாவல் லட்ஸ் வந்தது. லூப் வந்தது. சுழற்சியில் இடம்விட்டு அசையவே இல்லை. நான்காவதாக ஃப்ளிப் குதித்து, இறங்கிய காலிலிருந்தே முன்னால் திரும்பி இரண்டு சுற்று ஆக்ஸலை ஒட்டினான். பயிற்சியில்கூட அவ்வளவு உயரம் போனதில்லை.

இரண்டு, என்று மனதுக்குள் எண்ணினேன்.

அப்போதுதான் உறைத்தது.

இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. அவனுக்கும் எனக்கும் நடுவே இருபது மீட்டர். கையில் கழி இல்லை, கயிறு இல்லை. அவனாகவே கணக்குப் போடுவான் என்று நினைக்க முயன்றேன். நெஞ்சு வெடிக்க ஓடுகிறவன் கணக்குப் போடமாட்டான். காலையில் போட்டான். என்னிடம் வந்து கேட்டான்.

ஐந்தாவது வந்தது. ஆறாவது வந்தது. கூட்டம் எழுந்து இசைக்குத் தாளம் போட ஆரம்பித்தது. சொந்த ஊர்க் கூட்டம். காலடி அடவுகள் வரும் பகுதியில் அவன் வேலியை ஒட்டி என் பக்கம் வருவான். ஒரே ஒரு தடவை. வேலிமேல் சாய்ந்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

“சால்! சால்!”

தளத்தில் சால்கோவை நாங்கள் அப்படித்தான் சுருக்குவோம். கசாக் மொழியில் சால் என்றால் ‘போடு’.

நூர்கிஸா என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. எட்டு மாதமாக நான் எதற்கும் குரல் உயர்த்தியதில்லை. அவன் அதைத்தான் கேட்டிருப்பான்.

எனக்குப் பின்வரிசையில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். “சால்!” பக்கத்தில் பத்துப் பேர். பிறகு அந்தப் பக்கம் முழுதும். “சால்! சால்!” என்று அரங்கமே இடித்தது. போடு, போடு. நான் தலையை ஆட்டினேன். இரண்டு கைகளையும் குறுக்கே வீசினேன். மஞ்சள் உறைகள் கொடிபோல ஆடியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு பெண் தன் தொப்பியைக் கழற்றி அதேபோல வீசினாள்.

அவன் நீளமாக ஓடி வந்தான். சால்கோவுக்குப் பின்பக்கமாக வர வேண்டும். திரும்பு என்று வாய்க்குள் சொன்னேன். திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே குதித்தான். அவன் வாழ்க்கையில் செய்த மிகச் சுத்தமான இரண்டு சுற்று ஆக்ஸல் அது. இறங்கிய கால் பனியில் ஒரு நீண்ட வளைவு கீறியது. ஒரு தடுமாற்றமும் இல்லை.

இசை நின்றது. அவன் முழங்காலில் விழுந்து பனியைத் தட்டினான். பொம்மைகள் வந்து விழுந்தன.

வெளியே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டான். சட்டை நனைந்திருந்தது. ரப்பர் விரிப்பில் நடந்து மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். எதிரே கேமரா.

“அகா, கடைசி ஆக்ஸல் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“நீங்க கத்தினப்போ தூண்டில்ல தூக்கின மாதிரியே இருந்துச்சு. சத்தியமா. இடுப்புல வார் இழுத்துச்சு.”

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடித்தான். கேமராவைப் பார்த்துக் கையசைத்து, “அம்மா, பவுர்சாக் ஆறப்போகுது!” என்றான். பெஞ்சுக்குப் பின்னாலிருந்து ஜசூர், “ரெண்டு எனக்கு, ஞாபகம் வச்சுக்கோ தாத்தா!” என்று கத்தினான்.

சொல்லியிருக்க வேண்டும். எண் வருவதற்குள் என்னிடமிருந்து கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். வாய் திறந்தேன். அவன் கேமராவுக்கு இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தான். மூடிக்கொண்டேன்.

ஒலிபெருக்கி சொன்னது. இன்றைக்கு நூற்று இருபத்தொன்று புள்ளி ஐந்து இரண்டு. மொத்தம் நூற்று எண்பத்தேழு புள்ளி ஒன்பது இரண்டு.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்துப்போக மறந்ததுபோல.

“ரெண்டு,” என்றான். “ரெண்டு புள்ளி எங்க போச்சு, அகா?”

நடைபாதை மேசையில் விவரத்தாள் வைத்திருந்தார்கள். அவனே எடுத்தான். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினான். ஏழாவது தாவலில் விரல் நின்றது. ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தில் பூஜ்யம்.

வெகுநேரம் பார்த்தான். உதடு அசைந்தது. எண்ணினான் என்று நினைக்கிறேன்.

“நீங்க கத்தினது சால்கோவா?”

“ஆமா.”

“நான் போடுன்னு நினைச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க.”

தாளை நான்காக மடித்தான்.

“காலையில கேட்டேனே, அகா.”

“கேட்டே.”

“அபாய் இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?”

அபாய் என்றுதான் அவர்கள் எல்லாரும் தோக்ஜானைக் கூப்பிடுவார்கள்.

“காலையிலேயே சொல்லியிருப்பா,” என்றேன்.

நடைபாதை முனையில் அவன் அம்மா ஷோல்பான் நின்றிருந்தாள். டிப்போச் சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் துணி சுற்றிய பாத்திரம். கண் சிவந்திருந்தது. முதலில் மகனைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“நீதிபதிங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, அஸ்கர்ஜான்? அந்தக் கடைசித் தாவல ஊரே பாத்துச்சு! பஸ் ஒரு சக்கரத்துல நின்ன மாதிரி நானே நின்னுட்டேன். அதுக்குப்போய்க் கொறைப்பாங்களா?”

நூர்கிஸாவின் கத்தி உறைகளை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“நீங்கதான் மொதல்ல கத்தினீங்க. எனக்குக் கேட்டுச்சு. அப்புறம்தான் எல்லாரும் கத்தினாங்க. தோக்ஜான் போனதுக்கப்புறம் இந்தப் பையனுக்கு யாரு இருக்கான்னு அழுதவ நான். இன்னிக்குப் பாத்தேன். இந்தக் கைய ஆட்டினீங்களே, இப்படி, இப்படி...” என் கையை எடுத்து ஆட்டிக் காட்டினாள். “அத நான் மறக்க மாட்டேன்.”

சொல்லிவிடலாம் என்று நூர்கிஸாவைப் பார்த்தேன். அவன் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமாம்மா,” என்றான். “அகா சொன்னதைத்தான் போட்டேன்.”

அவள் துணியை அவிழ்த்து ஒரு பவுர்சாக் உருண்டையை என் கையில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது. சாப்பிட்டேன். இன்னொன்று வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.

நூர்கிஸா எங்களைத் தாண்டி நடந்தான். அங்கே ரப்பர் விரிப்பு முடிந்துவிடுகிறது. உடைமாற்றும் அறைவரை வெறும் சிமெண்ட். அவன் கத்தி உறைகள் அப்போதும் என் கையில்தான் இருந்தன. எஃகு சிமெண்டில் உரசும் சத்தம் கேட்டது. ஓர் அடி, இன்னோர் அடி. எட்டு வருடத்தில் அந்தச் சத்தத்தை எழுப்ப எந்தப் பிள்ளையையும் நான் விட்டதில்லை. பத்தடியில் கத்தியின் கூர் போய்விடும். போட்டிக்கு முந்தின நாள்தான் அவற்றை நான் தீட்டியிருந்தேன்.

“உறை போடலையா அவன்?” என்றாள் ஷோல்பான்.

இல்லை என்றேன். அவனைக் கூப்பிடவில்லை.