கம்பியில் கட்டிய துணி

"நீங்களே கேக்கலாம்ல? உங்க சகலைதானே?"

"சகலைங்கிறதாலதான் கேக்க முடியல. நீ கேளு. கொழுந்தியா கேட்டா சிரிச்சுக்கிட்டே செஞ்சு குடுப்பாரு."

"சிரிச்சுக்கிட்டே மறந்தும் போவாரு."

"அப்ப ரெண்டு பேருமே கேக்க வேணாம். மெதுவாப் பேசு, குழந்தை முழிச்சுக்கும்."

போன மழைக்காலத்தில், தொட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. ஆனால் சின்னவளுக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ரோலர் ஓடுகிற நேரமெல்லாம் குத்தியது.

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். பெரியவள் அவளுடைய அக்கா. அக்காவைக் கட்டியவர்தான் அந்தச் சலவைக்கூடத்தின் முதலாளி. ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சுருக்கம் எடுத்து, மடித்து அனுப்புகிற இடம். சின்னவளும் அவள் கணவனும் அங்கே வேலை பார்த்தார்கள். மற்றவர்களுக்கு என்ன சம்பளமோ அதேதான் இவர்களுக்கும். சொந்தக்காரர்கள் என்ற பெயர் மட்டும் உபரி.

கூடத்தின் நடுவில் யானை படுத்தது போலக் கிடந்தது ரோலர். கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால், மறுபக்கம் அட்டை மாதிரி விறைப்பாக வெளியே வரும். கொடுக்கிற பக்கம் அவன். வாங்கி மடிக்கிற பக்கம் அவளும், 'ரேடியோ' என்று எல்லோரும் கூப்பிடுகிற இன்னொரு பெண்ணும். நடுவில் மெஷின் மறைப்பதால் அவன் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் விரிப்பு வருகிற அழகைப் பார்த்தே ஆள் எப்படி இருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். ஓரம் நேராக வந்தால் ஐயா தெளிவாக இருக்கிறார். லேசாக அலைந்து வந்தால் யாரிடமோ வாயடித்துக்கொண்டிருக்கிறார். கோணிக்கொண்டு வந்தால் அசதி.

இன்று காலையிலிருந்து எல்லாமே கோணல்.

குழந்தைக்குப் பல் முளைக்கிறது. ராத்திரியெல்லாம் அழுகை. "நீ தூங்கு, எனக்குத் தூக்கம் வரல" என்று பொய் சொல்லி, அவன்தான் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தான்.

"என்னடி, விரிப்பெல்லாம் பாம்பு மாதிரி நெளிஞ்சு வருது?" என்றாள் ரேடியோ. "உன் வீட்டுக்காரர் நின்னுக்கிட்டே கனாக் காண்றாரா?"

"பாத்துட்டு வரேன்."

"இப்பதானே தண்ணி குடிக்கிற சாக்குல போய்ப் பாத்துட்டு வந்த?"

"இன்னும் தாகமா இருக்கு."

"தாகமாம்! கல்யாணமான புதுசுல கூட நீ இப்படி ஓடல."

சின்னவள் சிரிக்கவில்லை. மெஷினைச் சுற்றிக்கொண்டு போனாள். அவன் கண்கள் சிவந்திருந்தன. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்ட கைகள் விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்து உருளைக்குள் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் விலகின. அந்தக் கடைசி நேரம் இன்று கொஞ்சம் தாமதமாகிறது என்று அவளுக்குப் பட்டது.

"ஏங்க, கொஞ்ச நேரம் வேற யாராவது நிக்கட்டுமே?"

"யாரு நிப்பா? சாயங்காலத்துக்குள்ள ஹோட்டல் வண்டி வருது. நீ போ. நீ வந்து நின்னாதான் எனக்குக் கை தடுமாறுது."

"நான் நிக்கிறதாலயா?"

"பின்ன? இவ்வளவு அழகான சூப்பர்வைசர் வந்து நின்னா?"

அவனுக்கு எப்போதும் இப்படித்தான். எதையும் சிரிப்பில் கரைத்துவிடுவான். அவள் பார்வை அவன் முகத்தைத் தாண்டி அந்தத் துணிக்குப் போனது.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் அப்படியே நின்றுவிடும். அதற்காகவே வைத்தது. ஆனால் அதன் ஸ்பிரிங் தளர்ந்துபோய், கனமான விரிப்பு உரசினால்கூட நிற்க ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து பார்க்க வேண்டுமானால் மெஷினை ஆறப்போட வேண்டும். வேலை தேங்கிவிடும். அத்தான் பழைய விரிப்பிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டார். "புது ஸ்பிரிங் வர்ற வரைக்கும்தான்" என்றார். ஸ்பிரிங் வரவில்லை. துணி தங்கிவிட்டது. அழுக்கானால் அதையும் அவிழ்த்துத் துவைத்து, அதே ரோலரில் கொடுத்துச் சுருக்கம் எடுத்து, மறுபடியும் கட்டுவார்கள். "இவ்வளவு சுத்தமான தப்பை எங்கயும் பாக்க முடியாது" என்பாள் ரேடியோ.

ஒரு தடவை தொழிலாளர் ஆய்வாளர் வந்தார். வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டதுமே துணி அவிழ்ந்து யாருடைய சட்டைப்பைக்குள்ளோ ஒளிந்துகொண்டது. கம்பி நல்ல பிள்ளையாக இறங்கி நின்றது. ஆய்வாளருக்கு என்ன சந்தேகமோ, கிளம்பும்போது கூடத்தின் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மெஷினுக்குத் தடுப்பு வைக்கிறது முதலாளி பண்ற உபகாரம் இல்லைங்க. சட்டப்படி அவரோட கடமை. 'எங்களுக்குப் பரவாயில்ல, இப்படியே ஓட்டிக்கிறோம்'னு நீங்களே சொன்னாலும் அந்தக் கடமை போயிடாது."

வண்டி போனதும் துணி மறுபடி கம்பிக்கு ஏறியது. கட்டியது அத்தான்கூட இல்லை. அவள் கணவன். சகலை தன் வாயால் சொல்லிச் சங்கடப்படக் கூடாதாம்.

அத்தான் கெட்டவராக இருந்திருந்தால் அவள் எப்போதோ கேட்டிருப்பாள். அவர் நல்லவர். அதுதான் கஷ்டம். அவளுக்குப் பிரசவ வலி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் செருப்புக்கூட இல்லாமல் நின்றவர். தன் வீட்டு மாடியைக் காலி செய்து அவர்களைக் குடிவைத்தவர். இவ்வளவு செய்தவரிடம் எந்த வாயால் இன்னொன்று கேட்பது? அக்காவிடம் ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "அவரு நல்ல மூட்ல இருக்கறப்ப நான் சொல்றேன், நீ சும்மா இரு" என்றாள் அக்கா. அத்தானுக்கு நல்ல மூடும் வந்தது, போனது.

திரும்பித் தன் இடத்துக்கு வந்தாள். ஒரு விரிப்பை மடித்தாள். மடிப்பு சரியில்லை என்று உதறி, மறுபடி மடித்தாள். காலை மாற்றி மாற்றி நின்றாள். ரேடியோ தன் மாமியார் பூனையிடம் தோற்றுப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. கண் முழுக்க உருளையின் வாயிலேயே இருந்தது.

அடுத்த விரிப்பு கோணலாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் கோணல். அதற்கடுத்த விரிப்பின் ஓரத்தில், விரிப்போடு ஒட்டிக்கொண்டு, ஒரு கை வந்தது.

ஐந்து விரல்களும் விரிந்த வெள்ளைக் கை.

அவள் கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. பக்கத்துத் தூணில் இருந்த சிவப்பு பட்டனை ஓங்கி அடித்தாள். ரோலர் முனகிக்கொண்டே நின்றது. அந்தக் கையைத் தொட்டாள். சூடாக இருந்தது. தட்டையாக, காகிதம் மாதிரி. உள்ளே ஒன்றும் இல்லை.

வெறும் கையுறை.

மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் எட்டிப் பார்த்தான். வலது கையில் கையுறை இல்லை. கை இருந்தது. விரல்களை அவளுக்கு நேராக ஆட்டிக் காட்டினான்.

"என்ன, பயந்துட்டியா? கையுறை லூசு. நுனியைப் பிடிச்சு இழுத்துடுச்சு, நான் உருவிக்கிட்டேன். எவ்வளவு நல்லா இஸ்திரி போட்டிருக்கு பாரு."



ஆபீஸ் அறைக் கதவு திறந்தது. அத்தான் வேகமாக வந்தார். பின்னாலேயே டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு அக்கா.

"யாரு நிறுத்தினது? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல சகலை" என்றான் அவன். "கையுறை உள்ள போயிடுச்சு. இவ பயந்துபோய் பட்டனை அடிச்சுட்டா. இதோ போட்டுடறேன்."

அத்தான் கையுறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகமும் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சமாளித்துக்கொண்டு அவள் தோளைத் தட்டினார்.

"அட, இதுக்கா இப்படி வேர்த்து நிக்கிற? நாளைக்கே எல்லாருக்கும் நல்ல உசத்தியான கையுறையா வாங்கிடறேன். கைக்கு அளவா, இறுக்கமா. சரியா? நீ வேணும்னா மாடிக்குப் போய்க் கொஞ்சம் படு. குழந்தை வேற தூங்க விடலையாமே."

"ஏங்க, ஹோட்டல்காரர் லைன்லயே இருக்காரு" என்றாள் அக்கா. "வண்டி கிளம்பிடுச்சாம்."

"விரிப்பெல்லாம் தயாரா இருக்கும்னு சொல்லு. சின்னவ, கையை எடும்மா. மெஷின் ஓடட்டும்."

அப்போதுதான் சின்னவள் கவனித்தாள். அவள் உள்ளங்கை இன்னும் அந்தச் சிவப்பு பட்டனின் மேலேயே இருந்தது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, 'வேணாம், விடு' என்று கண்ணாலேயே கெஞ்சினான். அந்த மாடி, அந்த ஆஸ்பத்திரி வாசல், அந்த வெறும் கால்கள் எல்லாம் அவள் நாக்கின் மேல் ஏறி உட்கார்ந்தன. கொழுந்தியாளாக நின்றால் இன்றைக்கும் வாய் வராது என்று அவளுக்குப் புரிந்தது. கையுறைக்கு நன்றி சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் படுக்க வேண்டியதுதான்.

"அத்தான்..." என்று ஆரம்பித்து, நிறுத்தினாள். கை நகரவில்லை.

"முதலாளி," என்றாள். "அந்தத் துணியை அவுக்கச் சொல்லுங்க. மெக்கானிக்கை வரச் சொல்லி, கம்பியைச் சரி பண்ணிக் குடுங்க. அதுவரைக்கும் இந்த மெஷின் ஓடக் கூடாது. இது நான் உங்ககிட்ட கேக்கற உபகாரம் இல்ல."