கோழிவலைக் குடை

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று சொன்னதும் மைக்கை வாங்கிக்கொண்டது எழில்மதிதான். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரி நடத்திய விண்வெளி விழா அது. கூட்டம் சேர்ப்பதற்காகக் கரியாலூருக்கு மேலே உள்ள மலையூர்களிலிருந்து மகளிர் குழுப் பெண்களை பஸ் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி வாயைத் திறப்பாள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

மேடையில் இருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் நன்றாகத்தான் பேசினார். அறுபதுகளில் வந்த தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் கடலுக்கு அந்தப் பக்கத்துப் படத்தை இந்தப் பக்கம் காட்டியதைச் சொன்னார். பிறகு பூமியோடு சேர்ந்து சுற்றி, வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செயற்கைக்கோள் வந்ததாம். எழுபத்தைந்தில் அமெரிக்காவிடம் அப்படி ஒன்றை இரவல் வாங்கி, பட்டிக்காடுகளுக்கெல்லாம் டிவி காட்டினார்களாம். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையைக் குடைபோல வளைத்து, அதிலேயே சிக்னல் பிடித்தார்களாம். திரையில் படம் வந்தது. மண்சுவர், வலைக்குடை, பெட்டிக்கு முன்னால் வாய்பிளந்த ஜனம். அரங்கமே கைதட்டியது. எழில்மதிக்குக் கை எழவில்லை. அவள் வீட்டுக் கோழிக்கூண்டிலும் அதே வலைதான்.

போன ஐப்பசி மழையில், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவள் நாத்தனார் தமிழ்ப்ரியாவுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. ஊரில் எந்த போனிலும் சிக்னல் கிடையாது. எழில்மதியின் புருஷன் சின்னப்பையன் சிக்னல் தேடிப் பாறை உச்சிக்கு ஓடினான். கிடைத்த லைன் அறுந்து, மறுபடி போட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவன் இறங்கி வந்தபோது தங்கை எழில்மதியின் மடியில் சில்லிட்டுக் கிடந்தாள்.

“டிவி காட்டுன அந்த ஊருங்களுக்கு அப்பறம் இன்னா சார் ஆச்சு?”

“ஒரு வருஷத்துக்குத்தாம்மா இரவல். அது ஒரு சோதனை. முடிஞ்சதும் செயற்கைக்கோளைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க.”

“சோதன முடிஞ்சா ஊரு முடிஞ்சிடுமா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழில்மதி அந்தப் பக்கம் திரும்பினாள்.

“சிரிக்காதீங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வானத்துல ஏத்தி வெச்சிட்டீங்க. இன்னிக்கு எங்க ஊருக்கு ஒரு டவர் கேட்டா ஆளு கம்மி, கட்டுப்படியாவாதுன்றாங்க. எங்க நாத்தனாருக்கு ரத்தம் போய்க்கினு இருக்குது, எங்க வூட்டுக்காரரு பாற மேல நின்னு கத்திக்கினு இருக்காரு. எத்தினி பேரு செத்தா சார் கட்டுப்படியாவும்?”

“அம்மா, இது வேற டிபார்ட்மென்ட். மனுவா எழுதிக் குடுங்க” என்றார் தொகுப்பாளர். மைக்கை அணைத்துவிட்டார்கள்.

“மனு குடுத்து குடுத்து கை ஓஞ்சிப்போச்சி” என்றாள். மைக் இல்லாமலே அது கடைசி வரிசை வரைக்கும் போனது.

பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். “எனக்குப் பதில் தெரியலம்மா” என்றார். அவர் உண்மையைத்தான் சொன்னார் என்பது தெரிந்தும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மைக்கை நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே நடந்தாள். மலைப்பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து பின்னாலேயே வந்தார்கள். வாசலில் அடுக்கியிருந்த சாப்பாட்டுப் பொட்டலங்களை யாரும் தொடவில்லை. ராணியம்மாள் மட்டும் பேரப்பிள்ளைகளை நினைத்து ஒன்றை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

பஸ் மலையேறியது. ராணியம்மாள் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனோடு போனில் பேசிக்கொண்டு வந்தாள். “சாப்ட்டியாடா?” என்று கேட்டாள். அதற்குள் சிக்னல் அறுந்துவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அடுத்த வளைவு வரைக்கும் காத்திருந்தாள். பிறகு அதற்கு அடுத்த வளைவு வரைக்கும்.