அக்காவின் எண் வகுபடுகிறது

1.
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அக்காவின் போன் எண்ணிலிருந்து சுட்டது. எண்: 3816547290.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பிரபஞ்சத்தின் பேரமைதியில் எண்கள் மட்டுமே—” [எழுதிவிட்டு எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். அப்புறம் கிழித்துப் போட்டேன்.]

2.
அத்தான் முடிதிருத்துபவர். கையில் கத்தரியோடு போனை எடுக்க முடியாதென்று, கடைக் கண்ணாடியில் அக்காவின் எண்ணை எழுதியிருந்தார். முன்பதிவெல்லாம் அவள் பொறுப்பு. ஒருநாள், தன் முறைக்காகக் காத்திருந்த வாத்தியார் ஒருவர் அதையே வெறித்துப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார்.

பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரே ஒருமுறை. முதல் இரண்டு இலக்கம், 38, இரண்டால் மீதியின்றி வகுபடும். முதல் மூன்று, 381, மூன்றால். 3816 நான்கால். இப்படியே பத்து வரை.*

“மாப்ளே, பத்து இலக்கத்தையும் ஒருதடவை வச்சு இப்படி அமையற நம்பர் இது ஒண்ணுதானாம்!” என்றார் அத்தான். அதையும் கண்ணாடியில் சிவப்பு மையால் எழுதினார். வந்தது வினை.

* ஏழில் மாட்டும் என்று நம்பி 3816547ஐ வகுத்தேன். எனக்கு மட்டும் மீதி வந்தது. எழுத்தாளனாகிவிட்டேன்.

3.
“மேடம், ஏழால வகுத்துப் பாத்தேன். கரெக்டா வருது!”

“சந்தோஷம். முடி வெட்டணுமா?”

“இல்லைங்க.”

நாள் முழுக்க அக்காவின் போனில் இதே கூத்து. அத்தானே அலுத்துப்போய், “பேசாம நம்பரை மாத்திடு” என்றார்.

“அவளுக்குத் தெரிஞ்சது இந்த நம்பர்தான்” என்றாள் அக்கா.

அவள் என்றால் அக்காவின் மகள். சண்டை போட்டுக்கொண்டு வெளியூர் போனவள், தன் புது எண்ணைத் தரவில்லை. அதனால் தெரியாத எண் எதுவானாலும் அக்கா ஈரக்கையோடு ஓடிவந்து எடுப்பாள். “ஹலோ” சொல்லும்போது மட்டும் குரல் இளகியிருக்கும். அந்தப் பக்கம் வகுக்க ஆரம்பித்ததும் பழைய குரல் திரும்பிவிடும்.

[இங்கே அக்கா விம்மி அழுவதாக ஒரு பத்தி. அழுதது நான்தான். நீக்கிவிட்டேன்.]

4.
முடிவு ஒன்று: மகள் அழைக்கிறாள்.
முடிவு இரண்டு: மகள் அழைக்கிறாள், வெளியே மழை பெய்கிறது. [என் கற்பனை வளம் இவ்வளவுதான்.]

இரண்டையும் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“அவ எப்படா கூப்பிட்டா?”

“கதைதானேக்கா…”

“கூப்பிட்டான்னு எழுதாத. கூப்பிடவே மாட்டான்னும் எழுதாத.”

“சரி. நம்பரையாவது மாத்திப் போட்டுடறேன். இதைப் படிச்சிட்டு இன்னும் நாலு பேர்—”

“வேணாம்டா. அப்படியே போடு.” காகிதத்தை என் கையில் திணித்தாள். “அம்மா நம்பர் இன்னும் அதேதான்னு அவளுக்குத் தெரியட்டும்.”

அப்படியே போட்டிருக்கிறேன். முடிவு என்னிடம் இல்லை. வாசகரே, ஆசையாக இருந்தால் தாளை எடுத்து ஏழாலோ ஒன்பதாலோ வகுத்துப் பாருங்கள். போன் மட்டும் செய்துவிடாதீர்கள். லைன் காலியாக இருக்கட்டும்.