இரைச்சல் இல்லாத பெட்டி

ஓரான் நகரத்து மதீனா ஜிதீதா கடைத்தெருவில் என் தையல் கடைக்கு நேர் எதிரே மிலூத்தின் கடை. கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர்களைச் சரிசெய்வது அவன் தொழில். கல்யாணங்களில் பாடும் கோஷ்டிகள் ஏதாவது கெட்டுப்போனால் அவனிடம்தான் ஓடி வரும். எழுபத்தெட்டாம் வருஷத்துச் செப்டம்பரில் நடந்ததில் பாதியை நானே பார்த்தேன், மீதியை அவன் சொன்னான்.

குவைதர் என்பவன் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டுவந்து மிலூத்தின் மேஜைமேல் வைத்தான். குவைதரின் தம்பி தாஹர் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன். வயது இருபத்துமூன்று. அப்போதுதான் நாலு பேர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். தம்பிக்கு வண்டி ஓட்டுவது, சாமான் தூக்குவது, கல்யாண வீட்டாரிடம் பேசுவது எல்லாம் குவைதர்தான்.

"சி மிலூத், தம்பி மெதுவா ஒரு வரி பாடினா இது பின்னாலேயே மாடு மாதிரி உறுமுது" என்றான். பெரியவர்களை 'சி' போட்டு மரியாதையாக அழைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

"மாடு சுருதியோட உறுமுதில்ல? உன் தம்பியக் கொஞ்சம் அதுகிட்டக் கத்துக்கச் சொல்லு."

தாஹர் வாசலில் கடலைமாவுக் கரன்டிகா வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே சிரித்தான். எனக்கும் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தான்.

பெட்டியைத் திறந்ததுமே மிலூத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. வால்வுக்குள் இருக்கும் ஹீட்டரைச் சூடாக்க மின்மாற்றியிலிருந்து இரண்டு கம்பிகள் போகும். யாரோ அவசரக்காரன் அவற்றைத் தனித்தனியாகத் தொங்கவிட்டு, பாட்டு போகும் கம்பிக்குப் பக்கத்திலேயே ஓட்டியிருந்தான். கம்பியில் ஓடும் மின்சாரத்தின் உறுமலைப் பாட்டுக்கம்பி பிடித்துக்கொண்டது. மிலூத் அத்தனையையும் அறுத்தெறிந்தான். புதுக் கம்பி இரண்டின் ஒரு முனையைப் பட்டறைக் கவ்வியில் இறுக்கி, மறுமுனையைக் கைத்துளைப்பானில் மாட்டிச் சுற்றினான். இரண்டும் பின்னல் போல நெருக்கமாக முறுக்கிக்கொண்டன. அதைத் தகரப் பெட்டியின் மூலையோடு அழுத்திப் படுக்கவைத்து, ஒவ்வொரு வால்வுக்கும் ஏற்றி இறக்கி, பாட்டுக்கம்பி குறுக்கிடும் இடத்தில் நேர்ச்செங்குத்தாகத் தாண்டவிட்டான். இரண்டு நாள் வேலை. முடித்ததும் ஒலியை முழுதாகத் திருகி, என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் காது வைக்கச் சொன்னான். ஒன்றுமே கேட்கவில்லை. வால்வுகள் சிவந்திருந்ததை வைத்துத்தான் பெட்டி ஓடுகிறது என்று தெரிந்தது.

கரண்டு வயர் பெட்டிக்குள் நுழையும் ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, தகர விளிம்பு வயரை அறுக்காமல் இருக்க. அது வெடித்து உதிர்ந்துபோயிருந்தது. மிலூத் அதைப் பார்த்தான். அந்த அளவு வளையம் கடையில் இல்லை. அடுத்த முறை வரும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

பதினோரு நாள் கழித்துப் பக்கத்து ஊரான மிசெர்கினில் ஒரு கல்யாணம். மத்தியானத் தொழுகை முடிந்து, பெண்கள் முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். குவைதர் சாமான்களை இறக்கி வைத்தான். தாஹர் வெறுங்காலோடு ஈரக் கல்லில் நின்றபடி கிட்டாரைச் சுருதி சேர்த்தான். சரிபார்க்க ஒரு வரி பாடலாம் என்று மைக்கை நெருங்கினான். உதடு மைக்கில் பட்டது. அவ்வளவுதான். கிட்டார்த் தந்தியைப் பிடித்த கையை அவனால் எடுக்க முடியவில்லை. அவன் ஏதோ வேடிக்கை காட்டுகிறான் என்று முதலில் நினைத்தார்களாம். குவைதர் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கியபோது உயிர் போயிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் போலீஸ் மிலூத்தைக் கூட்டிப்போனது. நான் என் கடையையும் அவன் கடையையும் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஸ்டேஷன் நடையில் ஒரு பெஞ்சு. ஒரு கோடியில் தாஹரின் தாய் யமீனா வெள்ளை ஹாயிக் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மறுகோடியில் குவைதர். அவன் எழுந்து மிலூத்தை ஓரமாக அழைத்துப்போய், தாய்க்குக் கேட்காத குரலில் பேசினான்.

"அங்க போய் இந்தப் பெட்டியையும் மைக் பெட்டியையும் சேர்த்துப் போட்டதும் மறுபடி இரைச்சல் வந்துச்சு. நான்தான் இதோட பிளக்கைத் திறந்து எர்த்துக் கம்பிய வெட்டினேன். வெட்டினதும் நின்னுடுச்சு."

மிலூத் பெஞ்சில் இருந்த யமீனாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல உங்க மேல. அந்த ஓட்டையில வயர் தேஞ்சதத்தான் போலீஸ்காரங்க பார்த்திருக்காங்க. அதோட முடியட்டும்."

"இதுக்கு முன்னாடி வேற எதுலயாச்சும் வெட்டியிருக்கியா?"

"கேட்டவங்களுக்கெல்லாம் செஞ்சு கொடுத்தேன். ஆறேழு கோஷ்டி இருக்கும். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன், சி மிலூத்."

உள்ளே மேஜைமேல் பெட்டி திறந்து கிடந்தது. பரிசோதிக்க வந்த பொறியாளர் மூலையில் ஓடிய முறுக்குக் கம்பியைப் பென்சிலால் தொட்டு, இது யார் வேலை என்று கேட்டாராம். தான்தான் என்றான் மிலூத். ரொம்பச் சுத்தமான வேலை என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லைத் தன்னால் தாங்க முடியவில்லை என்று மிலூத் பிறகு என்னிடம் சொன்னான். தேய்ந்த வயரை அவனே சுட்டிக் காட்டினான். வளையம் போனதைப் பார்த்தும் விட்டது தன் குற்றம் என்றான். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதோடு முடிந்திருக்கும்.

மிலூத் நகரவில்லை. பிளக்கையும் திறந்து பாருங்கள் என்றான்.

தேய்ந்த வயர் தகரத்தைத் தொட்டதும் கரண்டு கிட்டார்த் தந்திவரை ஏறிவிட்டது; எர்த்து இருந்திருந்தால் தொட்ட நொடியே ஃபியூஸ் போயிருக்கும், பையன் ஒரு திட்டு திட்டிவிட்டுப் பிழைத்திருப்பான். அதை அதிகாரிக்கு விளக்கிவிட்டு, வெட்டியது யார் என்பதையும், ஊரில் இன்னும் ஆறேழு பிளக்குகள் அப்படியே இருக்கின்றன என்பதையும் சொன்னான். கதவு திறந்துதான் இருந்தது. நடையில் இருந்த யமீனாவின் காதில் எல்லாம் விழுந்தது. அவள் அழவில்லை. வெளியே வந்த மிலூத்தின் முன்னால் போய் நின்றாள்.

"ஒருத்தன நேத்து புதைச்சேன். இன்னொருத்தனும் எனக்கில்லைன்னு ஆக்கிட்டே."

பின்னால் நின்ற குவைதரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனியாகவே படியிறங்கினாள்.

தீர்ப்பு வரும்வரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று மிலூத்தை வெளியே விட்டார்கள். தீர்ப்புவரை இருந்த மூன்று வாரமும் அவன் கடையைத் திறக்கவில்லை. ஒரு திருப்புளியையும் கொஞ்சம் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு கோஷ்டிக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினான். கொலைகாரன் என்று ஒரு மேளக்காரன் முகத்துக்கு நேரே சொன்னான். மிலூத் அவன் வீட்டுப் பிளக்கையும் மாற்றிவிட்டுத்தான் வந்தான். ஏழு பிளக்கில் எர்த்து அறுந்திருந்தது. சரிசெய்ததும் இரைச்சல் திரும்பி வந்துவிட்டது என்று இரண்டு பேர் மறுவாரமே எர்த்தை மறுபடி வெட்டிவிட்டார்கள். அவர்கள் பெட்டிகளைத் தன் வீட்டுக்கே தூக்கி வந்து, உள்ளே முழுவதையும் பிரித்துக் கட்டிக் கொடுத்தான். இனி வெட்ட வேண்டிய தேவை இருக்காது, வெட்டினால் நீங்களே உங்கள் வீட்டில் ஒருத்தரைக் கொல்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தான்.

மிலூத்துக்கு ஆறு மாதம், குவைதருக்கு ஒரு வருஷம். சிறையில் இருவரையும் வேறு வேறு கட்டடத்தில் வைத்தார்கள்.

குவைதர் வெளியே வந்த கொஞ்ச நாளில் மிலூத்தின் கடைக்கு வந்தான். தாடி வளர்ந்து, தோள் சரிந்து, அடையாளமே தெரியவில்லை. அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்து நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.

"அம்மா என் கையால தண்ணிகூட வாங்க மாட்டேங்குது" என்றான். "நீங்க ஒரு வாட்டி வந்து பேசிப் பாருங்க. உங்களத் திட்டவாச்சும் வாயத் திறக்கும்."

மிலூத் கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினான். மூன்று பேருமாகத்தான் போனோம். யமீனா வீட்டுக் கதவைத் தட்டி, மிலூத் தன் பெயரைச் சொன்னான். உள்ளே செருப்புச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. மிலூத் கதவைப் பார்த்தபடியே, ரப்பர் வளையத்தைத் தான் பார்த்தும் விட்டதை, முதலிலிருந்து ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னான். சொல்லி முடித்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள், போகவும் இல்லை, திறக்கவும் இல்லை. கடைசியில் நாங்கள்தான் திரும்பி நடந்தோம். குவைதர் எங்களோடு வரவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.