முதல் கிளாஸ்

“அவவுக்கு என்ன விருப்பம், தம்பி?” என்று தில்லைநாயகி அக்கா மூன்றாம் முறை கேட்டபோது வாமதேவன் மனைவியின் படத்தில் மாலையைச் சரிசெய்தான். சாரதாதேவி செத்து முப்பத்தோராம் நாள். படத்துக்கு முன்னால் புதுத் தட்டத்தில் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை. எந்தச் செத்தவருக்கும் வைக்கக்கூடியவை. அவள் பாரிசுக்கு வந்து அவனோடு இருந்தது ஏழு மாதம். அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தாள், அதையே தானும் சாப்பிட்டாள். தனக்கு என்ன பிடிக்கும் என்று அவள் சொன்னதில்லை. அவன் கேட்டதுமில்லை. ஒருநாள் தலையிடி என்று படுத்தாள், எழும்பவில்லை.

“அவ போட்ட சீத்ரு இருக்கே, அத வைங்க தம்பி,” என்றாள் கீழ்மாடியில் இருக்கும் பாண்டிச்சேரி தெரேஸ்.

“பொம்பிளைக்குக் கள்ளுப் படைக்கிறதை இஞ்சைதான் பாக்கிறன்,” என்றாள் அக்கா.

“கள்ளு இல்லம்மா. ஆப்பிள் சாறு, கொஞ்சம் புளிச்சது.”

“கள்ளும் பனஞ்சாறு கொஞ்சம் புளிச்சதுதானே அக்கா,” என்றான் வாமதேவனோடு வேலைசெய்யும் பாலச்சந்திரன். யாரோ சிரிக்கத் தொடங்கி, படத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

வேலைசெய்யும் ஒபர்வில்லியே பழக் கிடங்கிலிருந்து அடிபட்ட அப்பிள்களை வாமதேவன்தான் கொண்டுவந்தான். அவள் துருவி, அவனுடைய பழைய வேட்டியில் போட்டுப் பிழிந்தாள். பக்குவம் சொல்லிக் கொடுத்தது தெரேஸ். பெரிய கண்ணாடிக் குடுவையும் அவளுடையதுதான். வாயில் மூடிக்குப் பதில் ஒரு சிவப்புப் பலூன், அதில் ஊசித்துளை. உள்ளே பொங்கும் காற்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. மாட்டுவதற்கு முன் பலூனை இளக்க சாரதாதேவி ஒருமுறை ஊதினாள். இரண்டே நாளில் அது தானாக எழுந்து நின்றது.

செத்தவீட்டன்று தில்லைநாயகி அக்கா அதைக் கண்டாள். “சனம் வரப்போகுது. செத்தவீட்டிலை பலூனோ? கழட்டும் தம்பி.” கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டான். குடுவை திறந்தபடி கிடந்தது. அவன் இரசாயனத்தில் பட்டம் வாங்கியவன். புளித்த சாற்றில் காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால் என்னவாகும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறான். அன்று ஒன்றும் நினைவில் வரவில்லை.

இப்போது குடுவையைச் சரித்ததும் நெடி மூக்கில் ஏறியது. வினாகிரி. சாறு முழுதும் காடியாகியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் கிளாசை நிரப்பிப் படத்துக்கு முன்னால் வைத்தான்.

படைத்த பிறகு செத்தவர் வந்து சாப்பிடக் கதவைச் சாத்த வேண்டும். வீடு ஒற்றை அறை. ஆகவே பதினொரு பேரும் கோட்டுகளை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் போய் நின்றார்கள். படிக்கட்டு விளக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்தது. ஒவ்வொரு தரமும் பாலச்சந்திரன் எட்டிச் சுவிச்சை அமுக்கினான். பாண் ரொட்டியோடு மேலே ஏறிய கிழவர் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். மனைவிக்காக என்றான் வாமதேவன்.

“பெண்கள் அப்படித்தான், நேரமெடுப்பார்கள்,” என்று சொல்லிக்கொண்டே அவர் ஏறிப் போனார்.

தெரேஸ் அவன் பக்கத்தில் ஒதுங்கினாள். “தெனம் மத்தியானம் பலூன லேசா தூக்கி, ஒரு ஸ்பூன் எடுத்து நாக்குல வெச்சிப் பாப்பா தம்பி. ‘இன்னும் ரெண்டு வாரம்’பா. மொத கிளாஸ் எனக்குத்தான், அவருக்கு இல்லன்னு சொல்லிச் சிரிப்பா. உங்ககிட்ட சொல்லலியா?”

அவன் இல்லை என்று தலையாட்டினான். அதைத் தனக்காகத்தான் அவள் போட்டாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

“சீத்ரு எப்பிடி வந்திருக்கு தம்பி?”

“நல்லா வந்திருக்கு.”

“நேரம் காணும், இனித் திறவும்,” என்றாள் தில்லைநாயகி அக்கா. “சும்மா திறக்கப்படாது. முதல் தட்டும்.”

கதவிடுக்கால் புளிப்பு மணம் வந்துகொண்டிருந்தது. இடது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. விரல்களில் பலூன் ஒட்டியது. வலது கையால் தன் வீட்டுக் கதவை இரண்டு தரம் தட்டினான். தட்டியவர்கள் நிற்பதுபோல, பதிலுக்காக நின்றான். விளக்கு அணைந்தது. இந்த முறை யாரும் அமுக்கவில்லை.