மயிலிட்டியில் பலகை ஏறிய பெண்கள்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கோயில் பெருநாளுக்கு விளையாட்டுப் போட்டி வைக்க மயிலிட்டியில் கூட்டம் கூடியது. ஆண்களுக்கு ஒன்பது போட்டிகள், பெண்களுக்கு ஒன்று என்று முடிவாயிற்று. அந்த ஒன்று, எலுமிச்சையைக் கரண்டியில் வைத்து வாயில் கவ்வி ஓடும் தேசிக்காய்க் கரண்டி ஓட்டம்.

"போன வருசமும் உதுதான், அதுக்கு முந்தின வருசமும் உதுதான்," என்று எழும்பினாள் கத்தரீனா. "எங்கடை வாயிலை கரண்டியைச் செருகிவிட்டால் கதைக்கமாட்டம் எண்டோ?"

யாழ்ப்பாணச் சந்தையில் மீன் விற்கிறவள் அவள். மெல்லப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். தலைவர் செபநாயகம் சம்மாட்டிக்கு மூன்று வள்ளங்கள் இருந்தன. மீனவர் சங்கமும் அவர் கையில்தான்.

"வேறை என்ன வேணும் உனக்கு?"

"பலகை விடுவம். அலையிலை."

ஆண்கள் சிரித்தார்கள். ஆனால் அது அந்தக் கரையில் புதிதில்லை. வாடைக் காற்றுக்குக் கடல் பொங்கும் மாதங்களில், உடைந்த வள்ளப் பலகையில் குப்புறப் படுத்து அலையோடு கரைக்கு வந்து விழாத சிறுபிள்ளை அங்கே இல்லை. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் பெரியபிள்ளையான அன்றோடு அது நின்றுவிடும். கத்தரீனாவுக்குப் பதின்மூன்றில் நின்றது. இப்போது முப்பத்தாறு.

"தேசிக்காய்தான்," என்று சம்மாட்டியார் முடித்துவிட்டார்.

அவர் செய்த பிழை அதற்குப் பிறகு நடந்தது. அடுத்த நாள் கத்தரீனா சந்தைக்குப் போகிறாள்தானே என்று, நோட்டீசு எழுதிய தாளை அச்சகத்தில் கொடுக்கச் சொல்லி அவளிடமே நீட்டினார்.

அச்சகக்காரர் மார்க்கண்டு தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "என்ன பிள்ளை, எழுத்து ஒண்டும் விளங்கேல்லை."

"நான் சொல்லுறன், அச்சுக் கோருங்கோ அண்ணை," என்றாள் கத்தரீனா. ஆண்களின் ஒன்பதையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். பிறகு, "பெண்களுக்குப் பலகையில் அலையேற்றம். முதற் பரிசு, தலைவர் அவர்களின் சொந்த அன்பளிப்பு."

மார்க்கண்டரின் கை நின்றது. "உது வெள்ளைக்காரர் விளையாடுறதெல்லோ?"

"அவையள் எங்களைப் பாத்துப் பழகினவை."

ஞாயிறு பூசை முடிவில் பாதர் அடைக்கலநாதன் நோட்டீசை உரத்து வாசித்தார். கடைசி வரியில் ஒரு தடவை தடுமாறி, கண்ணாடியைச் சரிசெய்து, மறுபடி முழுதாக வாசித்தார். பெண்கள் பக்கம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் பிடித்தது.

சம்மாட்டியார் கோயில் வாசலில் காத்திருந்தார். "இதென்ன கத்தரீனா?"

"அச்சுப் பிழையாக்கும், சம்மாட்டியார். ஆனால் பாதர் பீடத்திலை நிண்டு ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டார். இனி அவரையோ பிழை எண்டு சொல்லுறது?"

சம்மாட்டியார் பின்னேரம் ஒரு விதியை அறிவித்தார்: கலியாணம் கட்டிய பெண்கள் புருசனிடம் கையெழுத்து வைத்த சம்மதக் கடிதம் கொண்டுவர வேண்டும். எவன் வைப்பான் என்று அவருக்கு நம்பிக்கை.

கத்தரீனாவின் புருசன் கனிசியஸ் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கையெழுத்திட்டான். கீழே தானாகவே ஒரு வரி சேர்த்தான்: 'உயிரோடை திரும்பி வரவேணும்.' அதைக் காட்டி மற்றப் பெண்களும் தங்கள் புருசன்மாரை மடக்கினார்கள். நாலு குமரிகளும் ஆறு குடும்பப் பெண்களும் சேர்ந்தார்கள்.

போட்டிக்கு முதல்நாள் கத்தரீனாவின் குசினி வாசலில் வந்து நின்றவள் யோசப்பின். சம்மாட்டியாரின் மனைவி, நாற்பத்தெட்டு வயது, நாலு பேரன்மார்.

"என்ரை பேரையும் போடு," என்று கடிதத்தை நீட்டினாள்.

கத்தரீனா பார்த்தாள். செபநாயகத்தின் கையெழுத்து, திகதியோடு. "எப்பிடியக்கா?"

"காலமை சங்கக் கடுதாசியளோடை சேத்து வைச்சன். மனுசன் கண்ணாடி போடாமல் பதினொண்டிலை கையெழுத்து வைச்சார். இது பன்னிரண்டாவது." யோசப்பின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் கிழக்குக் கரையிலை, மணற்காடு எண்ட ஊரிலை பிறந்தனான். அங்கத்தைக் கடலுக்கு முன்னாலை உங்கடை கடல் கிணத்துத் தண்ணி."

மறுநாள் துறைக்குக் கிழக்கே, கல்லில்லாத மணல் கரையில் ஊரே நின்றது. பலகைகளுக்குக் குறைவில்லை. வள்ளத் துண்டுகள், கால் கழற்றிய ஒரு பள்ளிக்கூட வாங்கு, ஐஸ் பெட்டி மூடி. அலையோடு வந்து அதிக தூரம் மணலேறுபவருக்கு வெற்றி.

முதலில் போனாள் கத்தரீனா. இருபத்துமூன்று வருட ஆசை ஒரு அலைக்குத் தாங்கவில்லை. பலகை ஒரு பக்கம், அவள் மறுபக்கம். வாய் நிறைய மணலோடு எழும்பியபோது அதிகம் கைதட்டியவன் கனிசியஸ்தான்.

பத்துப் பேரும் முடிந்தார்கள். பாதர் ஒலிபெருக்கியில் அழைத்தார்: "அடுத்தது, யோசப்பின் செபநாயகம்."

சம்மாட்டியார் கதிரையை விட்டு எழும்பினார். "ஆர் சம்மதம் குடுத்தது?"

கத்தரீனா கடிதத்தைக் கொடுத்தாள். அவர் பாதரின் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் படித்தார். சங்க உறுப்பினர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன் என்று அவர்கள் முன்னால் சொன்னால், பன்னிரண்டு வருடத் தலைமை என்னாவது? தொண்டையைச் செருமினார்.

"ஓம், நான்தான் குடுத்தனான். அவவின்ரை விருப்பம்."

யோசப்பின் சேலையைக் கால்களுக்கிடையில் இழுத்துக் கொடுக்காகக் கட்டி, வாங்குப் பலகையோடு இறங்கினாள். மற்றவர்கள் நின்ற இடத்தையும் தாண்டிப் போனாள். பெரிய அலை ஒன்று எழும்பி அவளை மூடியது. நுரை மட்டுமே தெரிந்தது. ஐயோ மாதாவே, என் வாயாலே ஒரு மனுசியைக் கொன்றுவிட்டேனே என்று கத்தரீனா மார்பில் சிலுவை போட்டாள்.

நுரைக்குள்ளிருந்து யோசப்பின் வெளியே வந்தாள். பலகையில் முழங்காலில் இருந்தாள். பிறகு, ஊர் முழுக்கப் பார்த்திருக்க, இரண்டு கைகளையும் விரித்து எழும்பி நின்றாள். மூன்று எண்ணுமளவுக்குத்தான். பிறகு பொத்தென்று இருந்து, பலகையோடு வந்து மணலைக் கீறிக்கொண்டு, மற்ற எல்லோரையும் தாண்டி, தலைவரின் கதிரைக்கு இரண்டு முழத்தில் நின்றாள்.

பிறகு எழுந்த கூச்சலில் காகங்கள் கலைந்தன.

"தலைவரின் சொந்த அன்பளிப்பு!" என்று ஒலிபெருக்கியில் பாதர் நினைவூட்டினார். அவர் குரலிலும் ஒரு குறும்பு ஏறியிருந்தது.

சம்மாட்டியார் மடியைத் தடவினார். ஒன்றுமில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் கையில் கட்டியிருந்த சீக்கோ மணிக்கூட்டைக் கழற்றி மனைவியின் ஈரக் கையில் தானே கட்டிவிட்டார். "விழாமல் வந்திட்டாய்," என்றார் மெதுவாக. அதில் கோபம் இருந்ததா பெருமை இருந்ததா என்று கிட்ட நின்ற கத்தரீனாவுக்குக்கூடப் பிடிபடவில்லை.

மாலை நற்கருணை ஆராதனைக்கு எல்லோரும் கோயிலுக்குப் போகையில், கத்தரீனா சம்மாட்டியாருக்கும் யோசப்பினுக்கும் பின்னால் நடந்தாள். சம்மாட்டியார் பழக்கத்தில் இடது கையைத் தூக்கி, வெறும் மணிக்கட்டைப் பார்த்து, கையைக் கீழே விட்டார்.

"யோசப்பின், நேரம் என்ன?"

"பொறுங்கோ," என்று யோசப்பின் நின்று, முந்தானையால் மணிக்கூட்டின் கண்ணாடியை ஆறுதலாகத் துடைத்தாள். "அவசரப்படாதையுங்கோ. நான் பாத்துச் சொல்லுறன்."